இன்சூரன்ஸுக்குப் பதிலாக ஒரு சீட் கவர்

கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் இன்சூரன்ஸ் கட்டியே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டிருப்பது பகல் கொள்ளை என்று என் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் டீயைக் குடித்து முடித்து டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிடலாம். அவ்வளவு நேரம் பேசுவார். "ஓட்டத் தெரியாதவன் கட்டட்டும். எவன் போய் இடிக்கிறானோ அவன் கட்டட்டும். லாரி ஓட்டினவன் நானு. ஒரு நாய்க்குட்டி மேல ஏத்தனது கெடையாது. நான் இன்னாத்துக்குக் கட்டணும்?" என்பார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். தலையாட்டினேன் என்று சொல்வதுகூடக் குறைத்துச் சொல்வதுதான். அவர் விட்டுப்போன பாயிண்டை நான் எடுத்துக் கொடுப்பேன்.

அதெல்லாம் ஒரு காலம். பிறகு ஒரு கல்யாணப் பந்தியில் என் நாத்தனார் வீட்டுக்காரர் அதே கதையை ஆரம்பித்தார். இவர் இலையைப் பார்த்துக் குனிந்தவர் நிமிரவே இல்லை. "இன்னா மச்சான், நீ வாயே தொறக்க மாட்டேன்ற? எப்பவும் நீதானே முதல் ஆளா கத்துவே?" என்று அவர் சீண்டினார்.  பாயசத்துக்குக்கூடக் காத்திருக்காமல் இரண்டு பேரும் எழுந்து கை கழுவப் போய்விட்டோம்.

எங்களுக்குச் சொந்த ஊர் சேரப்பணஞ்சேரி. ஒரகடத்தில் கம்பெனிகள் வரிசையாக வந்து இறங்கிய சமயத்தில், ரோட்டோரம் இருந்த எங்கள் நிலத்தை மனை போடுகிற ஒருவருக்கு விற்றோம். அந்தக் காசில் படப்பைக்குப் பக்கத்தில் வீடு கட்டினோம். கீழே நாங்கள். மாடியில் வரிசையாக ரூம் போட்டு, கம்பெனிக்குப் போகிற பெண்களுக்கு வாடகைக்கு விட்டோம். மிச்சத்தில் ஒரு வெள்ளைக் கார் வாங்கினோம். அப்போது எங்கள் பக்கத்தில் நிலம் விற்றவர்கள் எல்லாரும் கார் வாங்கினார்கள். வாங்காதவனை ஏமாளி என்று பார்த்தார்கள்.

அந்தக் காரை நாங்கள் கொண்டாடிய கொண்டாட்டம் இருக்கிறதே, அடேயப்பா! சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பூசணிக்காய் சுற்றி உடைத்தோம். முன்னால் மிளகாயும் எலுமிச்சையும் கோத்துக் கட்டினோம். எதிர்வீட்டு கிறிஸ்தவ அம்மா வந்து ஜெபம் செய்து, கண்ணாடியில் ஒரு சின்னச் சிலுவையை மாட்டிவிட்டுப் போனார். அதையும் கழற்றவில்லை. எந்தச் சாமியையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை. இன்சூரன்ஸ் மட்டும் நாங்கள் கேட்டு வாங்கியதல்ல, முதல் வருஷத்துக்கு ஷோரூம்காரர்களே வண்டியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

வருஷம் திரும்பியதும் ஏஜென்ட் போன் செய்தார். இவர் போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காரைச் சுற்றிக் காட்டினார். "ஒரு கீறல் கீதான்னு பாரு. போன வருஷம் கட்டினது தண்டம். ஒண்ணுமே ஆவலை." இன்சூரன்ஸ் என்பது நம் வண்டிக்கு அடிபட்டால் நமக்கு வருகிற காசு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். நம் வண்டிதான் அடிபடப்போவதில்லையே. "அதுக்குப் பதிலா சீட் கவர் போட்டுடலாங்க" என்று சொன்னது நான்தான். தாம்பரத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, மெரூன் கலரில் ஓரத்தில் வெள்ளைத் தையல் போட்ட கவரை நானே பொறுக்கினேன். கட்டாயம் கட்டணும் என்று சட்டம் இருந்தது, தெரியாமலில்லை. ஆனால் சந்தனம் குங்குமம் வைத்த காரை நிறுத்தி, எங்கே இன்சூரன்ஸ் என்று ஒரு போலீஸ்காரர்கூட எங்களைக் கேட்டதில்லை. கேட்க ஆளில்லாத கட்டாயத்துக்கு யார் பயப்படுவார்கள்?

மாடியில் இருந்த பெண்களில் ஒருத்தி சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. செல்போன் செய்கிற கம்பெனி ஒன்றில் டிரெய்னி. ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. சீக்கிரம் பெர்மனென்ட் ஆக்கிவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தாராம். பெர்மனென்ட் ஆனதும் தங்கச்சியை நர்சிங் படிக்க வைக்கவேண்டும் என்பதுதான் அவளுக்கு எப்போதும் பேச்சு. வாயாடி. நான் சாம்பார் கொடுத்தனுப்பினால் கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது, "ஏக்கா, இது சாம்பாரா பாயாசமா? புளிய எங்கக்கா ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்பாள். எனக்குக் கோபம் வருகிற மாதிரி நடிப்பேன். உள்ளுக்குள் அவளை ரொம்பப் பிடிக்கும்.

ஆயுத பூஜை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வாலாஜாபாத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம், காலை முகூர்த்தம். நான் பட்டுப்புடவை கட்டி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு இவரைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். "சீக்கிரம் எடுங்க. தாலி கட்டி முடிச்சப்புறம் மொய் எழுதறதுக்கா போறோம்?" இவர் எனக்குப் பதில் சொல்லத் திரும்பியபடியே காரை ரிவர்ஸில் கேட்டுக்கு வெளியே விட்டார். பின்னால் எதிலோ மோதின மாதிரி சத்தம் கேட்டது. "ஐயையோ, கல்லுல இடிச்சிட்டீங்களா? பெயின்ட் போச்சு!" என்று நான் கத்தினேன்.

பெயின்ட் போச்சு என்றுதான் கத்தினேன். இறங்கிப் பார்த்தால் அந்தப் பெண். கம்பெனி வேனுக்காகக் கேட்டுக்கு வெளியே, சாக்கடை மூடியிருக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் அவள் வலது முழங்கால் மாட்டியிருந்தது. பெயின்ட் போகவில்லை.

எங்கள் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பின்சீட்டில் அவள் தலை என் மடியில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். பாதி வழியில் இவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பேசினார். "பாப்பா, போலீஸ் கேஸ்னா என் லைசென்ஸ் பூடும்மா. படியில வுழுந்துட்டேன்னு சொல்லிடு. எல்லாச் செலவும் அண்ணன் பாத்துக்கறேன். உன்னை வுட்டுடுவேனா?" எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதிதல்ல. தெரிந்தவர்கள் தெரிந்தவர்களை இடித்துவிட்டால் ஆஸ்பத்திரியில் 'விழுந்தேன்' என்று சொல்லிவிட்டு, மிச்சத்தை வெளியில் பேசி முடித்துக்கொள்வார்கள். கேஸ் கொடுப்பது என்றால் சொந்தக்காரனை ஜெயிலுக்கு அனுப்புகிற மாதிரி ஊரே பார்க்கும். அந்தப் பெண் கண்ணைத் திறக்காமலே, "சரிண்ணே. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

"எப்படிம்மா அடிபட்டுச்சு?" என்று டாக்டர் கேட்டார். "மாடிப்படியில விழுந்துட்டேன் சார்" என்றாள். நர்ஸ் அவள் யூனிஃபார்ம் பேண்டைப் பார்த்தார். பூஜைக்கு பம்பரில் பூசியிருந்த சந்தனம் முழங்காலுக்கு மேலே பட்டையாக ஒட்டியிருந்தது. பிறகு என் பட்டுப்புடவையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பார்த்தவர்கள் பாசம் என்று நினைத்திருப்பார்கள். தப்பித்தோம் என்ற நிம்மதியில் வந்த அழுகை அது.

அவள் அப்பா ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்தார். ஒல்லியான மனிதர். மானாவாரியில் விவசாயம். மகள் அவரிடம் நடந்ததை மறைக்கவில்லை. எங்களைத் திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நான் உள்ளேயே பதுங்கிக்கொண்டிருந்தேன். அவரோ கூப்பிட்டு ஒரு பை நிறையக் கடலை மிட்டாயை என் கையில் கொடுத்தார். "வேணும்னா செஞ்சாரு அண்ணாச்சி? நேரம் அப்படி. பெத்த பிள்ள மாதிரி தூக்கிட்டு ஓடியிருக்கீய. அது போதும்மா" என்றார். முதல் ஆபரேஷனுக்கான பில்லை நாங்கள் கட்டினோம். மூன்று வேளையும் சாப்பாடு நான் எடுத்துக்கொண்டு போனேன், புளி கொஞ்சம் தூக்கலாகப் போட்டு. தெருவில் எல்லாரும், தங்கமான மனுஷங்க, வேறு யாராவதாக இருந்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று பேசினார்கள். அதைக் கேட்டு எனக்கு மனசு குளிர்ந்துபோனது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதை இன்னும் இரண்டு பேர் சொல்ல மாட்டார்களா என்று இருந்தது.

முழங்கால் சரியாகவில்லை. உள்ளே எலும்பு நொறுங்கி ஒட்டாமல் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு ஆபரேஷன் சீக்கிரமாகச் செய்தால்தான் கால் மடங்கும், நாள் தள்ளினால் அப்படியே கட்டையாக நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது எங்கள் கையிலும் இல்லாத பணம், அவர்கள் கையிலும் இல்லாத பணம். டிரெய்னிக்குக் கம்பெனி ஒன்றும் தராது என்றார்கள். அவளோ கட்டிலில் படுத்தபடி, "நின்னா போதும்க்கா, லைன்ல நிக்க மட்டும் முடிஞ்சாப் போதும்" என்பாள்.

கொஞ்ச நாளில் அவள் அப்பா மறுபடியும் வந்தார். இந்தமுறை சட்டை வெள்ளையாக, தலை வாரி, பெண் கேட்க வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். வீட்டு வாசலில் கார் நின்றிருந்தது. அதைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு, தயங்கித் தயங்கிப் பேசினார்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க அண்ணாச்சி. எங்க ஊர் வக்கீல் ஒருத்தரு சொல்லுதாரு. கேஸு பேருக்குத்தானாம். உங்க கையிலருந்து ஒரு பைசா போகாதாம். இன்சூரன்ஸ்காரன்தான் குடுப்பானாம். அடிபட்டவங்களுக்குக் குடுக்கத்தான் அதக் கட்டாயம்னு வெச்சிருக்காங்களாம். படியில விழுந்தேன்னு சொன்னதக்கூட மாத்திச் சொல்லிக்கிடலாம்ங்காரு. ஆனாலும் உங்கள ஒரு வார்த்த கேக்காமச் செய்யக் கூடாதுல்லா? அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

 காபி கலக்கிற சாக்கில் உள்ளே போய், அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றேன். அடிபட்டவங்களுக்குக் கொடுக்க. இவ்வளவு வருஷம் இவரோடு சேர்ந்து நானும் வாய் கிழியப் பேசியிருக்கிறேன். நாம் கட்டினால் நமக்கு என்ன லாபம் என்று மட்டும்தான் பேசியிருக்கிறேன். கல்லின் மேல் உட்கார்ந்து ஷூ மாட்டுகிற ஒருத்தி என் கணக்கில் வந்ததே இல்லை.

வெளியே இவர் குரல் கேட்டது. "அது... இந்த வருஷம் கட்டலைங்க."

"எது கட்டல?"

"இன்சூரன்ஸ். வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லைங்க."

அவர் காரையே பார்த்தார். வெள்ளைக் கார், எலுமிச்சை, கண்ணாடியில் சிலுவை, உள்ளே மெரூன் சீட். "இவ்வளவு பெரிய காருக்கா?" என்றார். குத்திக்காட்டுகிற ஆள் இல்லை அவர். நிஜமாகவே புரியாமல் கேட்டார். அவர் ஊரில் சைக்கிளைக்கூட யாரும் பூட்டில்லாமல் வைத்திருக்க மாட்டார்கள்.

பிறகு இவர் பக்கம் திரும்பி, "அப்ப கேஸு போட்டா?" என்றார். நான் வெளியே ஓடிவந்தேன். "போட்டா நாங்கதாங்க குடுக்கணும். இந்த வூட்டைத்தான் விக்கணும்" என்று சொல்லி முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அழுதது பொய்யில்லை. எதற்காக அழுதேன் என்பதுதான் கேள்வி. அந்தப் பெண்ணின் காலுக்காக இல்லை. வீட்டுக்காக அழுதேன். அவருக்கும் அது தெரிந்திருக்கும். ஆனாலும், "அழாதீங்கம்மா. உங்க வீட்ட வித்து எங்களுக்கு என்னத்துக்கு? விடுங்க" என்றார்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இவருக்கு ஒரு யோசனை வந்தது. "என் மச்சான் வண்டிக்கு இன்சூரன்ஸ் கீதுங்க. அந்த வண்டி இடிச்சிதுன்னு சொல்லிட்டா? இங்க எல்லாரும் பண்றதுதான். பாப்பா ஒரு வார்த்த மாத்திச் சொன்னாப் போதும்." மச்சான் என்று சொன்னது என் தம்பியை. நானும் சட்டென்று நிமிர்ந்து, ஆமாங்க, அவன் ஒத்துக்குவான் என்றேன். தம்பியிடம் கேட்கக்கூட இல்லை.

அந்த மனிதர் எழுந்துவிட்டார். நாங்கள் பார்த்து அவர் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான். குரல்கூட உயரவில்லை. "உங்களுக்காக எம்புள்ள ஒரு பொய் சொல்லிட்டா அண்ணாச்சி. இன்னும் எத்தன சொல்லணும்?" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.  போலீசுக்குப் போகவில்லை அவர். மகளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் கையில் இருந்ததைக் கொடுத்தோம், வீட்டை விற்கவில்லை. ஊர்ப்பக்கத்துப் பெரியாஸ்பத்திரியில் முறை வந்து ஆபரேஷன் நடக்கும்போது ரொம்பத் தள்ளிப்போயிருந்தது.

அடுத்த வெயில் காலத்தில் அவளும் அப்பாவும் ரூமைக் காலி செய்ய வந்தார்கள். வலது கால் மடங்கவில்லை. கையில் ஒரு ஊன்றுகோல். வந்த வழியிலேயே கம்பெனிக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்கள். நின்று செய்கிற வேலைதான் இருக்கிறது, உன்னால் முடியாதும்மா என்று சொல்லிவிட்டார்களாம். "பெர்மனென்ட் ஆயிட்டேன்க்கா. கால்தான் பெர்மனென்டா நீட்டிக்கிச்சு" என்று சிரித்தாள். வாயாடி என்றேனே.  தங்கச்சியைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை.

இவருக்கு ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. "தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் நானே கொண்டாந்து வுடறேன். இந்தக் கால வெச்சிக்கினு பஸ்ல எப்படிப் போவ?" என்று சொல்லி, மாதக்கணக்கில் சும்மா நின்ற காரைக் கழுவித் துடைத்தார். நான் ஓடிப்போய்ப் புது எலுமிச்சம்பழம் வாங்கிவந்து கட்டினேன். பின்கதவைத் திறந்து, அவள் காலை நீட்டிக்கொள்ள வசதியாக முன்சீட்டைத் தள்ளி வைத்தேன். அவள் அப்பா டிரங்குப் பெட்டியை டிக்கியில் வைத்தார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு, ஏறப்போனவள் நின்றாள்.

"அண்ணே, இப்ப இன்சூரன்ஸ் கட்டிட்டீங்களா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன். "வண்டியே எடுக்கறதில்லையே பாப்பா. சும்மாதானே நின்னுக்கினு கீது..." என்று இவர் இழுத்தார். அதுதான் நிஜம். ஓட்டாத வண்டிக்கு எதற்கு என்று நாங்கள் மறுபடியும் அதே கணக்கைப் போட்டிருந்தோம். ஒரு பெண்ணின் கால் போன பிறகும்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்ப வேண்டாம்ணே. போற வழியில யாராச்சும் உக்காந்திருப்பாங்க" என்றாள்.

அவள் அப்பா டிக்கியைத் திறந்து பெட்டியை எடுத்தார். இரண்டு பேரும் தெருமுனைக்கு நடந்து போனார்கள். தாம்பரம் போகிற ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. அவள் காலை மடக்க முடியாததால் உள்ளே இருந்தவர்கள் ஒண்டி நகர்ந்து இடம் விட்டார்கள். திரும்பிப் பார்த்து எனக்குக் கையாட்டினாள். எனக்குக் கை எழவில்லை.

அன்று சாயங்காலமே ஏஜென்டைக் கூப்பிட்டோம். இடையில் விட்டுப்போயிருந்தால் வண்டியை நேரில் பார்த்துத்தான் போடுவார்களாம். அவர் முன்னும் பின்னும் போட்டோ எடுத்தார். பின் பம்பர் அருகே குனிந்து, கையால் தடவிப் பார்த்தார். "சூப்பரா வெச்சிக்கினு கீறீங்க சார். ஒரு கீறல்கூட இல்ல" என்றார். நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.